சின்னவளின் குறைநீக்கல் வகுப்பு

என் சின்ன மகள் பள்ளியில் இரண்டாம் ஆண்டின் பாதிவரை நன்றாக வாசிக்கிறாள் என்றுதான் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு விடவில்லை, சொந்தக்காரர்களிடம் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டும் வைத்திருந்தேன்.

ஜுருவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை. செய்து முடித்த உதிரிப் பாகங்களில் கீறல், வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்கும் பிரிவு. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறு வாரம் இரவு ஷிப்ட். இரவு ஷிப்ட் வாரங்களில் மாலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி, கடலைத் தாண்டிப் பட்டர்வொர்த்தில் இறங்கிப் போவேன். கிளம்புவதற்கு முன் சின்னவள் தமிழ்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் உட்கார்வாள். அன்றைய பாடத்தை எனக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சும்மா வாசிக்க மாட்டாள். எறும்பு பேசினால் கீச்சுக் குரல், யானை பேசினால் கட்டைக் குரல், மழை பெய்தால் மேசையில் விரல்களால் தாளம். ஒருநாள் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் குடும்பக் குழுவுக்கு அனுப்பினேன். ஈப்போவில் இருக்கும் என் தம்பி, "இவ டிவில செய்தி வாசிக்கப் போறா லா" என்று பதில் போட்டான். அதை மூன்று நான்கு முறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

அதனால் வகுப்பாசிரியை என்னைப் பள்ளிக்கு வரச் சொன்னபோது, ஏதோ போட்டிக்குத்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இரவு வேலை முடித்து, குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு, பத்து மணி ஓய்வு நேரத்துக்குச் சரியாகப் போய் நின்றேன். ஆசிரியை வயதில் மூத்தவர், நிதானமாகப் பேசுகிறவர். ஆசிரியர் அறையில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, உங்க மக வாசிக்கல."

"வீட்டுல நல்லா வாசிக்கிறாளே டீச்சர்."

"வாசிக்கல தம்பி. சொல்றா. புத்தகத்துல உள்ளத அப்படியே மனசுல வச்சுக்கிட்டு சொல்றா. நேத்து போர்டுல புதுசா ஒரு வாக்கியம் எழுதிப் போட்டேன். 'அம்மா கடைக்குப் போனார்', அவ்வளவுதான். சிரிச்சுக்கிட்டே நின்னா. அப்புறம் டாய்லெட் போகணும்னு கேட்டா."

எனக்குக் கோபம் வந்தது. முப்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இவர் சரியாகக் கவனித்திருக்க மாட்டார் என்று தோன்றியது. கைப்பேசியை எடுத்து அந்தப் படத்தைப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். அவர் முழுவதும் பார்த்தார். யானைக் குரல் வந்த இடத்தில் வாய்விட்டுச் சிரித்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டு என் பக்கம் திருப்பினார்.

"முகத்தப் பாக்காதீங்க. விரலப் பாருங்க."

பார்த்தேன். என் மகள் விரலை வைத்து வைத்துத்தான் வாசித்தாள். ஆனால் அவள் வாய் கடைசி வாக்கியத்தைச் சொல்லி முடித்தபோது விரல் மூன்றாவது வரியில் இருந்தது. ஒரு கீறலைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கிற ஆள் என்று வேலையிடத்தில் எனக்குப் பேர். இத்தனை முறை பார்த்தும் அந்த விரலை நான் பார்த்திருக்கவில்லை.

என் மனைவிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் வேலை. நான் பகல் ஷிப்டில் இருக்கும் வாரங்களில் பள்ளி வேன் பிள்ளைகள் இருவரையும் அங்கேதான் இறக்கிவிடும். கடையின் பின்னறையில், சேலைக் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வீட்டுப்பாடம் செய்வார்கள். அன்று பள்ளியிலிருந்து நேராக அவளைப் பார்க்கப் போனேன். நான் சொன்னதைக் கேட்டு அவள் அதிர்ச்சியடைவாள் என்று நினைத்தேன். அவள் கையிலிருந்த துணியை இரண்டு முறை மடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்துச்சுங்க. இந்தத் தெருவுல எந்தக் கடையக் கேட்டாலும் சொல்லிடுவா. ஆனா போன மாசம் அந்த நகைக்கடைக்காரங்க போர்டுக்கு வேற பெயிண்ட் அடிச்சாங்கல்ல? அன்னைக்கு, 'அம்மா, புதுக்கடை வந்திருக்கு'ன்னு சொன்னா."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க அந்த வீடியோவ எல்லாருக்கும் காட்டிக்கிட்டு இருந்தீங்க."

கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ஆனால் ஒரு கேள்வி மீதி இருந்தது. வாசிக்கத் தெரியாதவளுக்குப் புதுப்பாடம் எப்படி மனப்பாடமாகிறது? சனிக்கிழமை காலை ரோத்தி சானாய் வாங்கி வந்து எல்லாரும் பசியாறிக்கொண்டிருந்தபோது அந்தக் கேள்வியைப் பொதுவாகப் போட்டேன். சின்னவள் தட்டைப் பார்த்தாள். நான்காம் ஆண்டு படிக்கும் பெரியவள் கறிக் கிண்ணத்துக்குள் ரோத்தியை வைத்துக் கரைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு திடீரென்று அழத் தொடங்கினாள்.

"நான்தாம்பா. வேன்ல போகும்போது வாசிச்சுக் காட்டுவேன். ரெண்டு தடவ வாசிச்சா போதும், அவளுக்கு வந்துரும்."

"எப்ப இருந்து?"

"அவ ஸ்டாண்டர்ட் ஒன்ல இருந்து. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாப்பா."

"இப்ப சொல்லிட்ட!" என்று சின்னவள் கத்தினாள்.

ஒன்றரை வருடமாக, காலை ஏழு மணிக்கு, ஆடிக்கொண்டு போகும் வேனின் கடைசி இருக்கையில் ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் தங்கைக்குப் பாடம் வாசித்துக் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். தன் பாடத்தை அவள் எப்போது பார்த்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. என் மனைவி எழுந்து போய்ப் பெரியவளைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். சின்னவளை யாரும் திட்டவில்லை. அது அவளுக்கு வியப்பாக இருந்திருக்க வேண்டும். மெல்ல என் தட்டிலிருந்து ஒரு துண்டு ரோத்தியைப் பிய்த்து அக்காவின் தட்டில் வைத்தாள்.

அடுத்த வாரம் பள்ளியிலிருந்து, நிரப்பிக் கொடுக்கச் சொல்லி ஒரு பாரம் வந்தது. வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளுக்கான குறைநீக்கல் வகுப்பில் சேர்க்க எங்கள் சம்மதம் வேண்டும் என்றது. 'குறை' என்ற சொல்லில்தான் என் கண் நின்றது. வேலையிடத்தில் குறை உள்ளதைச் சிவப்புப் பெட்டியில் போட்டுவிடுவோம். அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் என் மகளின் பேரை எழுதக் கை வரவில்லை. இரண்டு நாள் பாரம் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் என் மனைவி கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள்.

"பேரு என்னவா வேணும்னாலும் இருக்கட்டும். பிள்ளைக்கு எழுத்து வந்தா போதும்" என்றாள்.

குறைநீக்கல் ஆசிரியை சுங்கைப்பட்டாணிக்காரர். சின்ன வயது, பெரிய குரல். நூலகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை அவருடையது. தமிழும் மலாயும் கணக்கும் நடக்கும்போது ஆறேழு பிள்ளைகள் தங்கள் வகுப்பிலிருந்து எழுந்து அந்த அறைக்குப் போக வேண்டும். அந்த எழுந்து போவதில்தான் சிக்கல் வந்தது. மூன்றாவது வாரம் சின்னவளுக்குக் காலையில் வயிற்றுவலி. மறுநாளும் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை வலி இல்லை. திங்கட்கிழமை மறுபடி வந்தது.

"அது மக்கு கிளாஸ்னு சொல்றாங்கப்பா" என்று கடைசியில் சொன்னாள். "நான் எந்திரிச்சா எல்லாரும் பாக்குறாங்க."

அன்று நான் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தேன். தொழிற்சாலைச் சட்டையோடு அவளை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போய் அந்த ஆசிரியையிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைச் சமாதானப்படுத்துவார் என்று எதிர்பார்த்தேன். "நீங்களும் உள்ள வாங்கண்ணே" என்றார். உள்ளே எல்லாம் சின்ன நாற்காலி. முழங்கால் நெஞ்சில் இடிக்க ஒன்றில் உட்கார்ந்தேன். மற்றப் பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அறையின் சன்னல் வழியே எதிர்ச்சாரிக் கடைகள் தெரிந்தன.

"அண்ணே, அந்தா இருக்கே, அது என்ன கடை?"

"கோப்பிக் கடை."

"போர்டுல என்ன எழுதியிருக்கு?"

சிவப்புப் பலகையில் தங்க நிறத்தில் நான்கு சீன எழுத்துகள் இருந்தன. அந்தக் கடையில் நான் பள்ளிக்கூடத்துப் பையனாக இருந்த காலத்திலிருந்து கோப்பி குடிக்கிறேன்.

"சீனத்துல எழுதியிருக்கு டீச்சர்."

"வாசிங்க."

"எனக்குத் தெரியாதே."

"பக்கத்துக் கடை?"

"மருந்துக் கடை. அதுவும் வாசிக்கத் தெரியாது."

"நாப்பது வருஷமா இதே ஊருல இருக்கீங்க. தினம் பாக்குறீங்க. வாசிக்கத் தெரியல. ஆனா கடைய மட்டும் சரியா சொல்லிடுறீங்க. எப்படிண்ணே?"

"கலரு... இருக்கிற இடம்... அப்படித்தான்" என்றேன். சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது.

என் மகளுக்கு வேறு விதமாக விளங்கியது. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "எங்கப்பாவுக்கும் வாசிக்கத் தெரியாது!" என்று அறை முழுவதும் கேட்கும்படி அறிவித்தாள். அத்தனை சந்தோஷமாக அவள் எதையும் அறிவித்து நான் கேட்டதில்லை. ஆசிரியை ஒரு தாளில் சன்னலைப் பார்த்து முதல் எழுத்தைப் பெரிதாக வரைந்து என் கையில் கொடுத்தார். "இத வீட்டுல படிச்சுட்டு வாங்கண்ணே. உங்க மக உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பா" என்றார்.

சொல்லிக் கொடுக்கவும் செய்தாள். அந்த அறையில் பிள்ளைகளுக்குத் தட்டில் மணலைப் பரப்பி விரலால் எழுத வைப்பார்கள். கரடுமுரடான தாளில் வெட்டிய எழுத்துகளைத் தடவிப் பார்க்க வைப்பார்கள். வீட்டில் மணல் இல்லாததால் சின்னவள் ஒரு தட்டில் கோதுமை மாவைக் கொட்டினாள். ஒரு பக்கம் நான் சீன எழுத்து எழுத வேண்டும், மறுபக்கம் அவள் 'ண'வும் 'ன'வும் எழுதுவாள். எத்தனை சுழி என்று அவளுக்குக் குழம்பும். எனக்கு எந்தக் கோடு முதலில் என்று குழம்பும். "பரவால்லப்பா, மறுபடி எழுதுங்க" என்பாள். அந்தக் குரல் சுங்கைப்பட்டாணி டீச்சருடையது. ஒரு வாரத்தில் நான் முதல் எழுத்தில் தோற்று ஓய்ந்தேன். அவள் 'ண'வை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போயிருந்தாள். வயிற்றுவலி நின்றுபோனது.

இதற்கிடையில் பெரியவளுக்கு ஒரு துக்கம் வந்தது. "அக்கா இனிமே வாசிச்சுக் காட்டக்கூடாது. காதுல கேட்டுட்டா அவ எழுத்தப் பாக்கவே மாட்டா" என்று ஆசிரியை கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் அதை வீட்டில் சொன்னபோது பெரியவளின் முகம் சுருங்கிவிட்டது.

"அப்ப நான் இத்தன நாளு செஞ்சது தப்பா?"

"தப்பில்லம்மா. நீ இல்லன்னா அவ பள்ளிக்கே போயிருக்க மாட்டா."

"அப்புறம் ஏன் வேணாங்குறாங்க?"

சில நாட்கள் வேனில் இருவரும் ஆளுக்கொரு சன்னலைப் பார்த்துக்கொண்டு போனார்களாம். ஓட்டுநர் அக்காதான் என் மனைவியிடம் சொன்னார். பெரியவள் பொறுக்க முடியாமல் தானே ஆசிரியையின் அறைக்குப் போய், எனக்கு வேறு வேலை கொடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியை கொடுத்த வேலை இது: தங்கை வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார வேண்டும். ஒரு சொல்லில் அவள் நின்றுவிட்டால் மனதுக்குள் பத்துவரை எண்ண வேண்டும். பத்து முடியும்வரை வாய் திறக்கக் கூடாது.

அந்தப் பத்து எண்ணிக்கையைப் போலக் கடினமான வேலையை எங்கள் வீட்டில் யாரும் செய்ததில்லை. சின்னவள் ஒரு சொல்லின் முன் முட்டி நிற்பாள். பெரியவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, மேசைக்கு அடியில் விரல்களை மடக்குவாள். ஏழு, எட்டில் அவள் கால் ஆடத் தொடங்கும். நானும் என் மனைவியும் அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம். சில நேரம் பத்து முடிந்துவிடும். சில நேரம் ஒன்பதில், "ப... பள்... பள்ளம்!" என்று வந்துவிடும். அப்போது முதலில் கத்துவது பெரியவள்தான்.

மூன்றாம் ஆண்டின் தொடக்கத்தில் ஆசிரியை எங்களை மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். பயிற்சி மட்டும் போதாது, காரணம் என்னவென்று தெரிய வேண்டும் என்றார். அரசாங்க மருத்துவமனையில் சில மாதம் கழித்துத்தான் தேதி கிடைத்தது. மருத்துவர் ஒரு மலாய்க்காரப் பெண். சின்னவளைப் பொம்மை வரையச் சொன்னார், கட்டைகளை அடுக்கச் சொன்னார், சொற்களை வாசிக்கச் சொன்னார். இடையில் அவள் மருத்துவரிடம் எங்கள் வீட்டுக் கதை முழுவதையும் மலாயில் சொல்லி முடித்தாள், நான் சீன எழுத்தில் தோற்றது உட்பட. பிறகு மருத்துவர் எங்களை அழைத்து, இது டிஸ்லெக்சியா, அறிவில் குறைவில்லை, எழுத்தை மூளை வேறு விதமாக எடுத்துக்கொள்கிறது, மருந்து கிடையாது, சரியான முறையில் சொல்லிக் கொடுத்தால் வரும், நேரம் பிடிக்கும் என்று விளக்கினார்.

விரும்பினால் மாற்றுத்திறனாளி அட்டைக்குப் பதியலாம், பள்ளியில் உதவி கேட்க அது வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். அவ்வளவு நேரம் தைரியமாக இருந்த என் மனைவி அங்கே உடைந்தாள். கார் நிறுத்துமிடத்தில், எங்கள் பழைய காரின் கதவைத் திறக்காமலே நின்றாள்.

"கிளாஸுன்னா சரிங்க. அது ஒரு வருஷம், ரெண்டு வருஷம். இது கார்டு. நாளைக்கு யாராச்சும் பாத்தா?"

குறைநீக்கல் பாரத்தில் நான் தயங்கி நின்றபோது அவள் நின்ற இடத்தில் இப்போது நான் நின்றேன். ஆனால் அவளைப் போலச் சட்டென்று கையெழுத்துப் போட என்னால் ஆகவில்லை. அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகப்பட்டது. ஒரு மாதம் பேசினோம். கடைசியில் சின்னவளிடமே கேட்டோம்.

"கார்டு இருந்தா சோதனையில எனக்குக் கூட நேரம் கொடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கலாம்னு டீச்சர் சொன்னாங்க."

"அப்ப எடுங்க லா. மத்தவங்க எழுதி முடிக்கும்போது நான் பாதியிலதாம்மா இருக்கேன்."

எடுத்தோம். என் மனைவி அதைத் தன் பணப்பையில், எங்கள் கல்யாணப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறாள். சோதனையில் இப்போது சின்னவளுக்குக் கூடுதல் நேரம் உண்டு. கேள்வியை ஒருவர் வாசித்துக் காட்டுவார்.

அந்த ஆண்டு பள்ளியில் கதை சொல்லும் போட்டி வந்தது. குறைநீக்கல் ஆசிரியைதான் அவள் பேரைக் கொடுத்தார். "இதுக்கு மட்டும் அக்கா வாசிச்சுக் கொடுக்கலாம்" என்று அனுமதியும் கொடுத்தார். பெரியவள் அந்த ஒரு வாரம் தரையில் கால் படாமல் திரிந்தாள். போட்டியன்று நான் ஷிப்டை மாற்றிக்கொண்டு போய் மண்டபத்தில் பின்வரிசையில் நின்றேன். சின்னவள் மேடையில் கட்டைக் குரலில் பேசி, கீச்சுக் குரலில் அழுது, எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, முடிவில் வணக்கம் சொல்ல மறந்து ஓடி வந்துவிட்டாள். இரண்டாம் பரிசு. வணக்கம் சொல்லியிருந்தால் முதல் பரிசு என்று பெரியவள் இன்றும் வாதாடுகிறாள். முன்வரிசையில் இருந்த வகுப்பாசிரியை திரும்பிப் பார்த்து, இப்போது முகத்தைப் பாருங்கள் என்பதுபோல் மேடையைக் காட்டினார்.

இப்போது அவள் நான்காம் ஆண்டில் இருக்கிறாள். வேகமாக வாசிப்பதில்லை. ஒரு பக்கம் வாசிக்க மற்றவர்களுக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும். ஒரு வரி மட்டும் தெரியும்படி நடுவில் வெட்டிய அட்டையைப் பக்கத்தின்மேல் வைத்து நகர்த்திக்கொண்டே வாசிப்பாள். மலாய் வந்துவிட்டது, தமிழ் வந்துகொண்டிருக்கிறது, ஆங்கிலத்தோடு இன்னும் சண்டை நடக்கிறது. சில நாள் புத்தகத்தைத் தூக்கி எறிவாள். சில நாள் தானே போய் எடுத்து வருவாள்.

போன மாதம் ஒருநாள் இரவு வேலை முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்கள். சாப்பாட்டு மேசையில் தட்டை மூடிவைத்து, மேலே ஒரு தாளை வைத்திருந்தார்கள். பென்சிலில், அழித்து அழித்து எழுதியிருந்தது:

'அப்பா பசியாருங்க. சோரு இருக்கு. ஒங்க மீன அக்கா சாப்டுட்டா. நா இல்ல.'

யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவள் எழுதிய முதல் கடிதம் அது. தட்டைத் திறந்து பார்த்தேன். சோறும் ரசமும் ஒரு அவித்த முட்டையும் இருந்தன. மீன் இல்லை. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டேன்.

மதியம் இருவரும் வந்ததும் சின்னவள் பையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்தாள்.

"வாசிச்சீங்களாப்பா? வெளங்குச்சா?"

"நல்லா வெளங்குச்சு."

பெரியவள் தாளைப் பிடுங்கிப் படித்தாள். அவள் முகம் சிவந்துவிட்டது.

"பொய்ப்பா! பாதிதான் நான் சாப்பிட்டேன். மீதி பாதி இவதான்!"

"அத எழுத இடம் இல்ல" என்றாள் சின்னவள்.